புது மோட்டார் செய்ய யார் வேண்டும்: எம்.இ. படித்தவர்களா, பட்டறையில் இருப்பவர்களா?

கணபதி_பம்ப்செட்:

வணக்கம் நண்பர்களே. கோவையில் சப்மெர்சிபிள் பம்ப் செய்யும் சின்னக் கம்பெனி எங்களுடையது. அப்பா தொடங்கியது, இப்போது நானும் தங்கையும் பார்த்துக்கொள்கிறோம். நாற்பது பேர் சொச்சம் வேலை செய்கிறார்கள். டிகிரி படித்தவர்கள் என்றால் அக்கவுண்ட்ஸில் ஒருவர், குவாலிட்டியில் ஒருவர். மற்றபடி ஐ.டி.ஐ., பத்தாவது, எட்டாவது, அப்புறம் பள்ளிக்கூடம் அதிகம் போகாமல் லேத்தில் நின்றே தொழில் கற்றவர்கள். வைண்டிங் பார்க்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். எரிந்து வந்த மோட்டாரைப் பிரித்துப் பார்த்ததுமே லோ வோல்டேஜா, ஒரு பேஸ் விட்டுப் போனதா, போர்வெல்லில் தண்ணீர் இல்லாமல் ஓடியதா என்று சொல்லிவிடுவார்.

இதுவரை இண்டக்‌ஷன் மோட்டாரிலேயே பிழைப்பு ஓடிவிட்டது. இப்போது சோலார் பம்ப் ஆர்டருக்குப் போனால் பெர்மனென்ட் மேக்னட் மோட்டார், அதாவது சுற்றும் பாகத்தில் நிலையான காந்தம் வைத்த மோட்டார், இருக்கிறதா என்று கேட்கிறார்கள். குறைந்த பேனலில் அதே தண்ணீரை எடுக்கலாம் என்பதால் கேட்பதில் நியாயம் இருக்கிறது. வெளியில் வாங்கி நம் பெயரை ஒட்டி விற்கலாம், சிலர் அப்படித்தான் செய்கிறார்கள். எனக்கு மனம் வரவில்லை. நாமே செய்ய வேண்டும்.

இரண்டு எம்.இ. ஆட்களை எடுத்து ஆர் அண்ட் டி என்று தனியாக ஒரு ரூம் போடச் சொல்கிறார் எங்கள் ஆடிட்டர். அந்தச் சம்பளத்தை இருக்கிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கச் செலவு செய்யலாம் என்கிறாள் தங்கை. இரண்டையும் செய்யப் பணம் இல்லை. முன்பு ஒரு பி.இ. பையனை எடுத்தோம், ஒன்றரை வருடம் இருந்தான், புதிதாக எதுவும் வரவில்லை, பெங்களூருக்குப் போய்விட்டான். அதனால் கேட்கிறேன். படித்த ஆள் வந்தால் புதுப் பொருள் வந்துவிடுமா?

டூல்ரூம்_ஓசூர்:

சார், நான் ஐ.டி.ஐ. ஃபிட்டர், இப்போது டூல் ரூம் இன்சார்ஜ். உங்கள் தங்கை சொல்வதுதான் சரி. மெஷினில் நிற்கிறவனுக்குத் தெரிந்தது ஆபீஸ் ரூமில் இருப்பவருக்குத் தெரியாது. ஒரு பாகம் ஏன் ரிஜெக்ட் ஆகிறது என்று எங்களுக்குப் பல நேரம் முதல் நாளே தெரியும். சொன்னால், உன் வேலையைப் பார் என்பார்கள். ரெண்டு தடவை அப்படிக் கேட்டவன் மூன்றாவது தடவை வாயைத் திறக்க மாட்டான். பிறகு பெரிய படிப்புப் படித்தவர் வந்து ஆறு மாதம் ரிப்போர்ட் எழுதி அதையே கண்டுபிடிப்பார். உங்கள் பட்டறையில் கடைசியாக ஒரு தொழிலாளி சொன்ன யோசனை எது, அதை என்ன செய்தீர்கள் என்று முதலில் யோசித்துப் பாருங்கள். அதற்குப் பதில் இல்லை என்றால் எம்.இ. வந்தும் பயன் இல்லை.

இன்னொன்று. அந்த பி.இ. பையன் ஒன்றரை வருடத்தில் எத்தனை நாள் பவுண்டரிக்குப் போனான்?

மின்னியல்_ஆசிரியை:

ஓசூர் அண்ணா சொல்வதில் பாதிக்கு மேல் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தக் கேள்விக்கு அது மட்டும் போதாது. நான் பாலிடெக்னிக்கில் மின் இயந்திரங்கள் பாடம் எடுக்கிறேன், அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

இண்டக்‌ஷன் மோட்டாரை அப்படியே மூன்று பேஸ் லைனில் கொடுத்தால் ஓடிவிடும். பெர்மனென்ட் மேக்னட் மோட்டார் அப்படி ஓடாது, அதற்கு ஒரு கன்ட்ரோலர் வேண்டும். சுற்றும் பாகமான ரோட்டர் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு அதற்கேற்ப அந்தக் கன்ட்ரோலர் மின்சாரம் கொடுக்க வேண்டும். மோட்டாரோ பல நூறு அடி ஆழத்தில் தண்ணீருக்குள் இருக்கிறது, அங்கே சென்சார் வைத்து வயர் இழுப்பது பெரும் தொல்லை. அதனால் சென்சார் இல்லாமல், மோட்டார் திருப்பி உண்டாக்கும் வோல்டேஜையும் இழுக்கும் கரன்ட்டையும் வைத்தே நிலையைக் கணக்கிட வேண்டும். அது கணக்கு, சும்மா கண்ணால் பார்த்து வராது. காந்தம் எவ்வளவு சூட்டில் தன் சக்தியை இழக்கும், வைண்டிங் உட்காரும் எத்தனை ஸ்லாட்டுக்கு எத்தனை காந்த முனை வைத்தால் மோட்டார் திக்கித் திக்கிச் சுற்றாது, இதையெல்லாம் இருபது வருடம் வைண்டிங் கட்டியவராலும் தனியாகக் கண்டுபிடிக்க முடியாது. அது அவர் குறை இல்லை, அந்த அறிவு வேறு வழியில் வருவது.

1990 இல் கோஹன், லெவின்தால் என்று இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் சொன்ன ஒரு கருத்து எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது. வெளியில் உள்ள புது அறிவை ஒரு கம்பெனி அடையாளம் கண்டு, உள்ளே வாங்கி, பயன்படுத்த வேண்டுமானால் அதற்குச் சம்பந்தப்பட்ட அறிவு அந்தக் கம்பெனிக்குள் முன்பே ஓரளவு இருக்க வேண்டும் என்றார்கள். டிரைவ், அதாவது கன்ட்ரோலர் வைத்து மோட்டாரை ஓட்டும் முறை, பற்றித் தெரிந்த ஒருவர்கூட இல்லாத கம்பெனிக்கு, கன்ட்ரோலர் விற்க வருகிறவர் சொல்வது சரியா தப்பா என்றே தெரியாது. அவர் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வர வேண்டியதுதான். ஆகவே ஒருவராவது வேண்டும் சார். இரண்டு பேர் வேண்டாம், தனி ரூம் வேண்டவே வேண்டாம், ஆனால் ஒருவர் கட்டாயம்.

சென்னை_பிரேக்பார்ட்ஸ்:

இருவருக்கும் நடுவில் ஒரு விஷயம் விடுபடுகிறது. பாடி, அம்பத்தூர் பக்கத்தில் வாகன உதிரிபாகக் கம்பெனிகளுக்கு சப்ளை செய்யும் இடங்களில்தான் என் வேலை வாழ்க்கை முழுக்கப் போனது. 1998 இல் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு, தரத்துக்காக ஜப்பானில் கொடுக்கும் டெமிங் விருதை வாங்கியது, இந்தியாவிலிருந்து அதை வாங்கிய முதல் கம்பெனி. 2002 இல் டி.வி.எஸ். மோட்டார் வாங்கியது. அதற்குப் பிறகு ரானே குழுமக் கம்பெனிகளும் வரிசையாக வாங்கின. இந்தக் கம்பெனிகளில் விருதுக்கு முன்னால் பல வருடம் நடந்தது பெரும்பாலும் பயிற்சிதான். மேனேஜருக்கு மட்டும் இல்லை, லைனில் நிற்கிற ஆள் வரை. அளவுகள் எல்லை தாண்டுகிறதா என்று காட்டும் கன்ட்ரோல் சார்ட் படிக்க, ஒரு கோளாறின் காரணத்தை வரிசையாகக் கேட்டுக்கொண்டே போக, அளந்து எழுத.

ஜப்பானில் இது எப்படி வந்தது என்று பாருங்கள். 1950 இல் டொயோட்டாவின் எய்ஜி டொயோடா அமெரிக்காவில் ஃபோர்டு தொழிற்சாலையைப் பார்த்துவிட்டு வந்தார். அங்கே இருந்த ஆலோசனைத் திட்டத்தைப் பார்த்து 1951 இல் தங்கள் தொழிலாளர்களிடம் யோசனை கேட்கும் திட்டத்தைத் தொடங்கினார்கள். 1962 இல் தரவட்டங்கள், அதாவது தரம் பற்றிப் பேசத் தொழிலாளர்கள் கூடும் சிறு குழுக்கள், வந்தன, இஷிகாவா முன்னின்று நடத்தினார். ஃபோர்மேனும் தொழிலாளியும் உட்கார்ந்து படிப்பதற்கென்றே அப்போது ஒரு பத்திரிகை தொடங்கினார்கள். இதை நம் ஊரில் யாரும் கவனிப்பதில்லை. அவர்கள் வெறும் பெட்டி வைத்து யோசனை போடச் சொல்லவில்லை. யோசனை சொல்லத் தேவையான படிப்பையும் பட்டறைக்குள்ளேயே கொடுத்தார்கள்.

படிப்பு அதே, ஆட்கள் அதே, ஆனாலும் விளைவு வேறாகும் என்பதற்குக் கலிஃபோர்னியாவில் ஒரு தொழிற்சாலை சாட்சி. ஃப்ரீமான்ட்டில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை 1982 இல் மூடப்பட்டது. தரமும் மோசம், நிர்வாகத்துக்கும் தொழிலாளர்களுக்கும் தினமும் சண்டை. 1984 இல் டொயோட்டாவும் ஜி.எம்.மும் சேர்ந்து நம்மி என்ற பெயரில் அதே இடத்தைத் திறந்தார்கள். பழைய தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலானோரையே திரும்ப எடுத்தார்கள், அதே தொழிற்சங்கம். சில நூறு பேரை ஜப்பானுக்கு அனுப்பி டகாவோகா ஆலையில் லைனில் நிற்க வைத்துப் பழக்கினார்கள். கோளாறு கண்டால் யார் வேண்டுமானாலும் கயிறை இழுத்து லைனை நிறுத்தலாம் என்றார்கள். கொஞ்ச காலத்திலேயே ஜி.எம். ஆலைகளில் தரத்தில் முன் வரிசைக்கு வந்துவிட்டது.

பெங்களூர்_சிப்:

நான் முரண்படுகிறேன். நீங்கள் சொல்வது எல்லாம் இருக்கிறதைச் சீராக்குவது. ரிஜெக்‌ஷன் குறையும், நேரம் மிச்சமாகும், நல்லதுதான். கணபதி சார் கேட்பது புதுப் பொருள். தரவட்டம் நடத்தி யாரும் புது மோட்டார் கண்டுபிடித்ததில்லை. அதற்கு ஆராய்ச்சி தெரிந்த ஆள் வேண்டும், நேரம் வேண்டும், தோற்க இடம் வேண்டும். ஆடிட்டர் சொல்வதில் தப்பில்லை.

மின்னியல்_ஆசிரியை:

பெங்களூர் தம்பி, ஆராய்ச்சி தெரிந்த ஆள் என்றால் எப்படிப்பட்டவர் என்று கொஞ்சம் பார்ப்போம். நீல எல்.இ.டி.க்காக 2014 இல் நோபல் பரிசு வாங்கிய மூவரில் ஒருவரான ஷுஜி நாகமுரா பெரிய பல்கலைக்கழகத்துப் பேராசிரியராக இருந்து அதைச் செய்யவில்லை. டொகுஷிமா பல்கலைக்கழகத்தில் முதுகலை முடித்து 1979 இல் நிச்சியா என்ற கம்பெனியில் சேர்ந்தார், அது விளக்குகளுக்குப் பூசும் ஒளிரும் பொடி செய்து விற்ற உள்ளூர்க் கம்பெனி. சேர்ந்த பிறகு பல வருடம் அவர் செய்தது குவார்ட்ஸ் குழாயை உருக்கி ஒட்டுவது, அடுப்பு கட்டுவது, வெடித்தால் மறுபடி கட்டுவது. 1988 இல் கம்பெனி அவரை ஃப்ளோரிடாவுக்கு ஒரு வருடம் படிக்க அனுப்பியது. திரும்பி வந்து, படிகம் வளர்க்க வாங்கிய இயந்திரத்தைத் தன் கையாலேயே பிரித்து மாற்றி மாற்றி அமைத்தார், வாயு இரண்டு திசையில் வருகிற மாதிரி. 1993 இல் பிரகாசமான நீல விளக்கு வந்தது. கையில் தொழில் இல்லாமல் அந்த இயந்திரத்தை அவர் மாற்றியிருக்க முடியாது, படிப்பு இல்லாமல் எதை மாற்ற வேண்டும் என்று தெரிந்திருக்காது. செலவு செய்யத் துணிந்த நோபுவோ ஒகாவா என்ற முதலாளியும் அங்கே இருந்தார்.

இன்னொருவர் கொய்ச்சி டனாகா. கியோட்டோவில் ஷிமாட்சு கம்பெனியில் இன்ஜினியர், பி.இ. மட்டும், அதுவும் எலக்ட்ரிக்கல். 2002 இல் அவருக்கு வேதியியலுக்கு நோபல் கிடைத்தது. வேறு திரவத்துக்குப் பதிலாகக் கிளிசரினைக் கை தவறி உலோகப் பொடியோடு கலந்துவிட்டார், வீணாக்க மனமில்லாமல் அதையே சோதித்தார், மூலக்கூறின் எடையை அளக்கும் அந்தச் சோதனையில் பெரிய மூலக்கூறு சிதையாமல் தெரிந்தது. டாக்டர் பட்டம் இல்லாத ஒரு ஊழியருக்கு அந்தச் சோதனையைத் தொடர்ந்து செய்யக் கம்பெனி இடம் கொடுத்திருந்தது, அதைத்தான் கவனிக்க வேண்டும்.

கணபதி_பம்ப்செட்:

எல்லோருக்கும் நன்றி. ஓசூர் அண்ணன் கேட்ட கேள்விக்குப் பதில்: அந்தப் பையன் பெரும்பாலும் டெண்டர் பேப்பர், பி.ஐ.எஸ். லைசென்ஸ் ஃபைல், ஸ்டார் ரேட்டிங் வேலைதான் பார்த்தான். பவுண்டரி நாங்கள் வெளியில் கொடுத்துச் செய்வது, அங்கே போகச் சொல்லவில்லை.

ஆசிரியை எழுதியதைப் படித்துவிட்டு நேற்று வைண்டிங் அண்ணனிடம் உட்கார்ந்து பேசினேன். வி.எஃப்.டி. மாதிரி, வேகத்தை மாற்றும் கன்ட்ரோலர் வைத்து ஓட்டும் மோட்டாரில் ஏதாவது வித்தியாசம் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். உடனே சொன்னார், "வி.எஃப்.டி. பேனலில் ஓடி எரிந்து வருகிற மோட்டார் வேற மாதிரி எரியுது தம்பி. லைனில் ஓடினது முழுசாக் கருகும். இது லீடு வயர் சேர்கிற இடத்தில் முதல் சில சுத்து மட்டும் ஓட்டையாகும், மத்ததெல்லாம் புதுசு மாதிரி இருக்கும்." அதற்காக அந்த முதல் சுற்றுகளுக்கு மட்டும் கூடுதலாக டேப் சுற்றி அவரே கட்டிக்கொண்டு வருகிறாராம். யாரிடமும் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை.

இதற்கு ஏதாவது அர்த்தம் இருக்கிறதா மேடம்?

மின்னியல்_ஆசிரியை:

இருக்கிறது! அவர் சொன்னது அச்சு அசலாகப் பாடத்தில் வருவது. கன்ட்ரோலர் மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டிக் கொடுக்கிறது. கேபிள் நீளமாக இருந்தால் ஒவ்வொரு துடிப்பும் மோட்டார் முனையில் பட்டு எதிரொலித்து, அங்கே வோல்டேஜ் கொடுத்ததைப் போல இரண்டு மடங்கு வரை ஏறும். அந்த ஏற்றம் வைண்டிங் முழுக்கச் சமமாகப் பரவாது, நுழைகிற முதல் சுற்றுகளிலேயே பெரும்பங்கு விழும். அதனால்தான் அங்கே மட்டும் இன்சுலேஷன் ஓட்டையாகிறது. போர்வெல்லில் கேபிள் எப்போதும் நீளம்தான். நீங்கள் செய்யப்போகும் புது மோட்டார் கன்ட்ரோலர் இல்லாமல் ஓடாது என்பதால், இந்தப் பிரச்சினை உங்களுக்கு ஒவ்வொரு பீஸிலும் வரும். ஃபில்டர் வைக்க வேண்டும், இல்லை வயரின் உறையை மாற்ற வேண்டும், இல்லை இரண்டும்.

வெளியிலிருந்து வரும் எம்.இ. ஆள் ஒருவருக்கு இந்தக் கோட்பாடு தெரிந்திருக்கலாம், ஆனால் நம் ஊர் போர்வெல்லில், நாம் வாங்கும் வயரில், எத்தனை மாதத்தில் எந்த இடத்தில் போகும் என்று தெரியாது. அண்ணனுக்கு இது தெரியும், அது தெரியாது. பிரித்த மோட்டார்களின் விவரத்தை அவர் எழுதி வைத்திருக்கிறாரா?

கணபதி_பம்ப்செட்:

எழுதவில்லை மேடம், எல்லாம் ஞாபகத்தில்தான்.

தரம்_பார்ப்பவள்:

அதைத்தான் முதலில் சரி செய்ய வேண்டும் அண்ணா. நான் பீளமேட்டில் ஒரு யூனிட்டில் குவாலிட்டி பார்க்கிறேன். ஞாபகத்தில் இருப்பது அவரோடு போய்விடும். ஒரு நோட்டுப் போடுங்கள், மோட்டாரைப் பிரித்ததுமே ஃபோட்டோ எடுத்து வையுங்கள், நோட்டில் எழுதுங்கள்: கேபிள் எத்தனை மீட்டர், எந்த பேனல், எத்தனை மாதம் ஓடியது. அவருக்கு எழுத அலுப்பாக இருந்தால் சொல்லச் சொல்லி அப்ரண்டிஸ் பெண்ணோ பையனோ எழுதட்டும். எழுதுகிற பிள்ளையும் கற்றுக்கொள்ளும்.

இன்னொன்றை யாரும் பேசவில்லை. இன்று கோவை பவுண்டரிகளில், மெஷின் ஷாப்களில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள் நிறைய. வார்ப்புக்குள் வைக்கும் மணல் அச்சான கோர் சரியாக உட்காராமல், தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர் சக்கரத்தின் வழி ஒரு பக்கம் குறுகி, ஒரு பக்கம் அகன்று வந்தால் எஃபிஷியன்சி போய்விடும். அதை முதலில் பார்ப்பது கோர் வைக்கிற அந்தத் தம்பிதான். அவனிடம் பேச சூப்பர்வைசருக்கு மொழி இல்லை, காண்ட்ராக்டர் மூலம்தான் பேச்சு. பயிற்சி வகுப்பு என்று வைத்தால் அவர்களைக் கூப்பிடுவதே இல்லை, நாளைக்கு ஊருக்குப் போய்விடுவான் என்று. தொழிலாளியிடம் யோசனை கேட்போம் என்று சொல்கிறவர்கள் இந்தத் தொழிலாளியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். எங்கள் யூனிட்டில் ஹிந்தியில், ஒடியாவில் படம் போட்டு சார்ட் ஒட்டிய பிறகு அவர்களே கோர் பெட்டியில் தேய்மானத்தைக் காட்ட ஆரம்பித்தார்கள்.

வியாபாரி_திருப்பூர்:

எல்லாம் சரி, படிக்க வைத்தவன் அடுத்த தெருவுக்குப் போய்விட்டால்? ரெண்டாயிரம் ரூபாய் சேர்த்துக் கொடுத்தால் போய்விடுவான். அதனால்தான் யாரும் பயிற்சிக்குப் பணம் போடுவதில்லை. இது நடைமுறை.

ஸ்டுட்கார்ட்_தமிழ்:

வியாபாரி சார் கேட்டது பொருளாதாரத்தில் பழைய கேள்வி. கேரி பெக்கர் இதைப் பிரித்துக் காட்டினார்: எங்கும் பயன்படும் பொதுத் திறமைக்கு முதலாளி செலவு செய்யத் தயங்குவார், அந்தக் கம்பெனிக்கு மட்டுமே பயன்படும் திறமைக்குச் செய்வார். ஆனால் நான் இருக்கிற ஜெர்மனியில் கம்பெனிகள் பொதுத் திறமைக்கே செலவு செய்கின்றன. ஏன் என்றால் எல்லோரும் செய்கிறார்கள், தனியாக ஒருவர் தலையில் விழுவதில்லை. தொழில் பழகும் பையன் வாரத்தில் ஓரிரு நாள் தொழிற்பள்ளி, மற்ற நாள் கம்பெனி. மெஷின் மெக்கானிக் என்றால் மூன்றரை வருடம். தேர்வை நடத்துவது தொழில் வணிகச் சங்கம், கம்பெனி இல்லை, அதனால் சான்றிதழுக்கு எங்கும் மதிப்பு. 1969 இல் இதற்குத் தனிச் சட்டமே போட்டார்கள். இயந்திரங்களுக்குள் எலக்ட்ரானிக்ஸ் புகுந்ததும் 1998 இல் மெக்கட்ரானிக்ஸ் என்று புதிய தொழிலையே பட்டியலில் சேர்த்தார்கள். பாடத்திட்டத்தை முடிவு செய்யும்போது முதலாளி சங்கமும் தொழிற்சங்கமும் ஒரே மேஜையில் இருக்கும்.

என் வேலையிடத்தில் டிசைன் இன்ஜினியரான நான் ஒரு டிராயிங் போட்டால், பட்டறையில் உள்ள மைஸ்டர், அதாவது தேர்வு எழுதித் தகுதி பெற்ற மூத்த தொழிலாளி, அதை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்து, இதை இப்படி வெட்ட முடியாது என்று நேருக்கு நேர் சொல்வார். அவர் சம்பளமும் மரியாதையும் எனக்கு ரொம்பக் கீழே இல்லை, அதனால் சொல்ல முடிகிறது. நம் ஊரில் ஐ.டி.ஐ. அண்ணன் பி.இ. தம்பியை "சார்" என்று கூப்பிட்டுவிட்டு எப்படி அப்படிச் சொல்வார்?

இந்தியாவிலும் 1961 இலிருந்து அப்ரண்டிஸ் சட்டம் இருக்கிறது. முப்பது பேரும் அதற்கு மேலும் இருக்கிற இடம் ஆள் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் எடுத்தாக வேண்டும். கணபதி சார் கம்பெனிக்கும் பொருந்தும். அப்ரண்டிஸ் என்றால் மலிவு ஆள் என்று எடுத்துப் பெருக்கச் சொல்லாமல் வைண்டிங் அண்ணன் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

பழைய_பீளமேடு:

வியாபாரி தம்பிக்கு ஒரு வார்த்தை. ஆள் போய்விடுவான் என்று பயந்திருந்தால் கோவை என்ற ஊரே வந்திருக்காது. 1932 இல் பைக்காரா மின்சாரம் வந்தது, மில்கள் பெருகின, மில்லில் மெஷின் பழுது பார்த்த ஃபிட்டர் வெளியே வந்து ஒரு லேத் போட்டார், அவரிடம் கற்றவர் இன்னொரு லேத் போட்டார். போன ஆள்தான் நாளைக்கு உங்களுக்கு ஜாப் ஒர்க் செய்து கொடுக்கிறவர். இன்று நீங்கள் பவுண்டரியை வெளியில் கொடுக்கிறீர்களே, அந்த பவுண்டரிக்காரர் எங்கே தொழில் கற்றார் என்று கேட்டுப் பாருங்கள்.

1937 இல் இங்கே மின் மோட்டார் செய்தார்கள் என்றால் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் சேர்ந்து செய்தது. நாயுடு பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். ஆனால் படிப்பு வேண்டாம் என்று அவர் சொன்னதே இல்லை. 1945 இல் அப்போதைய மெட்ராஸ் கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரி வரக் காரணமாக இருந்தார், இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி, ஜி.சி.டி., அதுதான். நான்கு வருடம் எதற்கு, இரண்டு வருடத்தில் கற்றுக்கொடுக்கலாம் என்று அவர் வாதாடியது ஊருக்கே தெரியும். பி.எஸ்.ஜி.யையும் பாருங்கள். 1926 இல் அறக்கட்டளை, தொழிற்கூடம் முதலில் வந்தது, 1939 இல் பாலிடெக்னிக், 1951 இல் இன்ஜினியரிங் கல்லூரி. பம்பும் மோட்டாரும் செய்கிற தொழிற்கூடத்தின் பக்கத்திலேயே வகுப்பறை. அப்படிப் படித்து வந்தவர்களுக்குக் கையில் எண்ணெய் படுவது கௌரவக் குறைச்சலாகத் தெரியவில்லை.

இன்று தெருவுக்கு ஒரு இன்ஜினியரிங் கல்லூரி இருக்கிறது, அங்கே படிக்கிற பிள்ளை நான்கு வருடத்தில் ஒரு மோட்டாரைக்கூடப் பிரிக்காமல் வெளியே வருகிறது. இதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

பெங்களூர்_சிப்:

பெரியவர் சொன்னது புரிகிறது. நான் ஆராய்ச்சி தனி, பட்டறை தனி என்ற கணக்கில்தான் பேசினேன், என் துறையில் அப்படித்தான். ஆனால் மோட்டாருக்கு அது பொருந்தாது என்று வைண்டிங் அண்ணன் சொன்னதைப் படித்ததும் தோன்றியது. ஒரு யோசனை: முதல் கன்ட்ரோலரை நீங்களே செய்ய முயற்சிக்காதீர்கள். வாங்குங்கள், ஆனால் அளவுகளை மாற்றிப் பார்க்க அனுமதி கொடுக்கிறவரிடம் மட்டும் வாங்குங்கள். மோட்டாரை நீங்கள் செய்யுங்கள்.

டூல்ரூம்_ஓசூர்:

காந்த ரோட்டரை, வைண்டிங் இருக்கிற ஸ்டேட்டருக்குள் எப்படி இறக்கப் போகிறீர்கள் என்றும் யோசித்தீர்களா சார்? கையால் இறக்கினால் பாதியிலேயே ஒரு பக்கமாக இழுத்து ஒட்டிக்கொள்ளும், விரல் நடுவில் மாட்டினால் நசுங்கிவிடும், வைண்டிங்கும் உரசிப் போகும். எங்கள் இடத்தில் சர்வோ மோட்டார் சர்வீஸுக்குப் பித்தளையில் ஒரு கைடு செய்தோம், இரண்டு பக்கமும் சென்டரில் பிடித்துத் திருகி இறக்குகிற மாதிரி. அது டிராயிங்கில் வந்தது இல்லை, ரெண்டு பையன்கள் வெள்ளை பேப்பரில் போட்டுக் காட்டியது. அப்புறம் காந்தம் தண்ணீர் பட்டால் துருப்பிடித்து உதிரும், மேலே ஸ்டெயின்லெஸ் தகட்டில் உறை போட்டு வெல்டு பண்ண வேண்டும். சூடு உள்ளே போகாமல் வெல்டு பண்ணத் தெரிந்த ஆளை இப்போதே தேடுங்கள்.

கணபதி_பம்ப்செட்:

தங்கையோடும் அண்ணனோடும் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். ஓர் எம்.இ. மட்டும் எடுக்கிறோம், எலக்ட்ரிக்கல் டிரைவ்ஸ் படித்தவர். முதல் மூன்று மாதம் அவருக்கு டெண்டர் வேலை கிடையாது, மேஜை வைண்டிங் செக்‌ஷனுக்குள்ளேயே. வாரம் ஒரு நாள் பவுண்டரி. அவர் வாரம் இருமுறை, வேலை நேரத்திலேயே, நான்கைந்து பேருக்கு டிரைவ் பற்றித் தமிழில் சொல்லிக்கொடுக்க வேண்டும், அந்த நேரத்துக்குச் சம்பளம் பிடிக்க மாட்டோம். அண்ணன் அவருக்கு மோட்டார் பிரித்துக் காட்டுவார். மெஷின் ஷாப்பில் டிப்ளமோ முடித்த ஒரு பையன் பார்ட் டைம் பி.இ. படிக்கக் கேட்டிருந்தான், கட்டணத்தில் பாதியைக் கம்பெனி கொடுக்கும், பாண்டு எழுதி வாங்கப் போவதில்லை. அப்ரண்டிஸ் இரண்டு பேருக்குப் பதிந்திருக்கிறோம்.

அண்ணனுக்குச் சம்பளம் ஏற்றியிருக்கிறோம். ஆனால் புது ஆளுக்குக் கொடுக்கப் போவது இன்னும் கொஞ்சம் அதிகம்தான், மார்க்கெட் அப்படி இருக்கிறது. இது எனக்கு உறுத்துகிறது.

தரம்_பார்ப்பவள்:

உறுத்த வேண்டும் அண்ணா. நிச்சியாவில் நாகமுராவுக்கு அந்தக் கண்டுபிடிப்புக்காக முதலில் கொடுத்தது இருபதாயிரம் யென் மட்டுமே, பிறகு அவர் வழக்குப் போட்டு, 2005 இல் எண்பது கோடி யென்னுக்கு மேல் கொடுத்துத்தான் சமரசம் ஆனார்கள். அதற்கு முன்பே அவர் அமெரிக்காவுக்குப் போய்விட்டார். மோட்டார் விற்க ஆரம்பித்தால் அண்ணனுக்கும் பங்கு உண்டு என்று இப்போதே எழுதிக் கொடுங்கள்.

கணபதி_பம்ப்செட்:

சரி, அதையும் தங்கையிடம் சொல்கிறேன். நோட்டும் போட்டாயிற்று, அண்ணன் சொல்லச் சொல்ல அப்ரண்டிஸ் பெண் எழுதுகிறாள். பழைய ஸ்கிராப்பில் கிடந்த வி.எஃப்.டி. மோட்டார் சிலவற்றையும் எடுத்து வைத்திருக்கிறோம்.

மின்னியல்_ஆசிரியை:

அந்த மோட்டார்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், என் மாணவர்களை ஒருநாள் அழைத்து வருகிறேன், பிரித்து அளந்து பார்க்கட்டும். அதற்கு முன் ஒவ்வொன்றும் எத்தனை மீட்டர் கேபிளில் ஓடியது என்று வாடிக்கையாளரிடம் கேட்டு நோட்டில் சேர்த்துவிடுங்கள்.